நட்சத்திர ஓட்டலில் ரொட்டி வாங்குவது எப்படி: எல்லையோரத்தாருக்கு ஒரு முழு வழிகாட்டி

தமிழக-கேரள எல்லையிலுள்ள எங்கள் களியக்காவிளையில் பேக்கரிக்குப் பஞ்சம் கிடையாது. சோதனைச் சாவடிக்கு இப்புறமும் அப்புறமும் சந்திக்குச் சந்தி கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸையும் பழ கேக்கையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேரளத்தாருக்கு இது பரம்பரைப் பெருமையும்கூட. 1880இல் மாம்பள்ளி பாபு தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்சாலை தொடங்கியதையும், 1883இல் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகக் கிறிஸ்துமஸ் கேக் சுட்டுக் கொடுத்ததையும் தாத்தா கதை போலச் சொல்வார்கள். இந்தியாவில் சுட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்பது அவர்கள் கட்சி.

அப்படியிருக்க, முப்பது கிலோமீட்டர் சொச்சம் பஸ்ஸில் இடிபட்டுத் திருவனந்தபுரம் போய், நட்சத்திர ஓட்டலில் பத்து மடங்கு விலை கொடுத்து ரொட்டி வாங்குவானேன்? என் மாமா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் அங்கே வாங்க வேண்டியதில்லை. சிலவற்றை மட்டும் அங்கேதான் வாங்க வேண்டும். அந்தச் சில எவை என்று தெரிந்துகொண்டு போனால் பணம் வீணாகாது. தெரியாமல் போனால், நம் சந்திக் கடையில் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற அதே பப்ஸை நூற்றைம்பதுக்கு வாங்கிக்கொண்டு திரும்புவோம். நானே திரும்பியிருக்கிறேன்.

எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது

பிறை வடிவப் பிரெஞ்சுப் பண்டமான குரோசானிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பயணத்துக்கான காரணமே அதுதான். பரோட்டாவும் ஊட்டி வர்க்கியும் தின்று வளர்ந்த நமக்கு அடுக்கடுக்கான மாவுப் பண்டம் புதிதல்ல. குரோசானும் அந்தச் சாதிதான். புளிக்கவைத்த மாவுக்குள் வெண்ணெய்ப் பாளத்தை வைத்துத் தேய்த்து, மூன்றாக மடித்து, குளிரவைத்து, திரும்பவும் தேய்த்து மூன்றாக மடிக்கிறார்கள். மூன்று தடவை இப்படிச் செய்தால் வெண்ணெய் மட்டும் 27 அடுக்காகிவிடும். வெண்ணெய் இளகாமல் இருக்கும்வரைதான் இந்த அடுக்கு நிற்கும். உருகியதோ, மாவோடு கலந்து சாதாரண பன்னாகிவிடும்.

இங்கேதான் நம் ஊர் பேக்கரிக்காரருக்கு இடிக்கிறது. அவருக்குக் கைத்திறன் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். அடுப்பு எரிகிற அறையில், நம் சித்திரை வெயிலில், வெண்ணெய் பத்து நிமிடம் தாங்காது. அதனால் பெரும்பாலோர் சூட்டில் இளகாத வனஸ்பதியிலோ மார்ஜரினிலோ அடுக்கு போடுகிறார்கள். பெரிய ஓட்டல்களில் இதற்கென்றே குளிரூட்டிய தனி அறை இருக்கிறது. நாம் கொடுக்கிற அதிக விலையில் பாதி அந்தக் குளிருக்கும் வெண்ணெய்க்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாயில் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குக் கீழேயே உருகுகிற பொருள், நாக்கில் பட்டதும் கரைந்துவிடும். வனஸ்பதி போட்டது மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் ஒட்டிக்கொள்ளும், சூடான சாயா குடித்தால்தான் போகும். கண்ணாலும் பார்க்கலாம். நல்ல குரோசானைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தேன்கூடு மாதிரி பெரிய பெரிய அறைகள் இருக்கும். அடிப்பக்கம் கறுக்காமல் நன்றாகச் சிவந்திருக்கும். கையில் எடுத்தால் அளவுக்குப் பொருந்தாத லேசு. சட்டையெல்லாம் செதில் உதிரவில்லையென்றால் அது நேற்றையது.

ஆகவே வாங்க வேண்டியவை: உள்ளே எதுவும் வைக்காத வெறும் வெண்ணெய் குரோசான், அதே மாதிரி அடுக்கு மாவில் செய்த இனிப்பான டானிஷ், புளிப்பு மாவில் செய்த சோர்டோ ரொட்டி, ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சுட்ட ஃபோக்காச்சியா, நல்ல கறுப்புச் சாக்லேட் பண்டங்கள். சாக்லேட் நிரப்பிய, பாதாம் பூசிய குரோசான்களும் இருக்கும். முதல் தடவை அவை வேண்டாம். விற்காமல் மீந்த முந்தைய நாள் குரோசானைப் பாதாம் விழுது வைத்துத் திரும்பச் சுடுவது பிரான்சிலேயே உள்ள வழக்கம். சுவையில் குறை இல்லை, ஆனால் கடையின் தரத்தை எடை போட அது உதவாது.

விட்டுவிட வேண்டியவை: பப்ஸ், பிளாக் ஃபாரஸ்ட், பட்டர் கிரீம் கேக், வாழைக்காய் வறுவல். பிளம் கேக்கையும் இதில் சேர்ப்பேன், சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். டிசம்பரில் திருவனந்தபுரத்துப் பழைய பேக்கரிகள் போடுகிற பிளம் கேக்கை எந்த நட்சத்திர ஓட்டலும் மிஞ்சி நான் பார்க்கவில்லை.

மக்ரோன் பற்றி ஒரு வார்த்தை. தூத்துக்குடி மக்ரூனை நினைத்துக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். இரண்டுக்கும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும்தான் ஆதாரம். நம்முடையது முந்திரி சேர்ந்து கூம்பாக, மொறுமொறுவென்று இருக்கும். ஓட்டலில் இருப்பது பாதாம் மாவில் செய்த இரண்டு வட்டங்களுக்கு நடுவே கிரீம் வைத்த மெத்துப் பண்டம். ஒன்றின் விலையில் ஒரு பொட்டலம் தூத்துக்குடி மக்ரூன் வருமே என்று மனசு கணக்குப் போடும். போடட்டும். விருந்தாளி வீட்டுக்குக் கொண்டுபோக நிறம் நிறமாக ஆறு வாங்கினால் பெட்டியே மதிப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

போகும் முன் ஒரு போன்

ஓட்டலின் பொது எண்ணுக்கு அழைத்து, பேஸ்ட்ரி ஷாப்புக்கு இணைப்பு கேளுங்கள். சில இடங்களில் டெலி என்பார்கள், சில இடங்களில் பத்திசெரி என்பார்கள். பேக்கரி என்றாலே புரிந்துகொள்வார்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும்: இன்று என்ன ரொட்டி சுடுகிறார்கள், எத்தனை மணிக்கு அடுக்குகிறார்கள், இரண்டு எடுத்து வைக்க முடியுமா. சோர்டோ தினமும் இருக்காது. அந்த மாவு புளித்து எழவே பல மணி நேரம் ஆகும் என்பதால் வாரத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும் சுடும் இடங்கள் உண்டு. சொல்லி வைக்காமல் போய் வெறுங்கையோடு வந்தால் பஸ் டிக்கெட் காசு நம் தலையில்.

பிறந்தநாள் கேக் என்றால் ஒரு நாள் முன்னாலாவது சொல்ல வேண்டும், இரண்டு நாள் என்றால் நிம்மதி. எடை, முட்டை உண்டா இல்லையா, எழுத வேண்டிய பெயர் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள். வாய் வார்த்தையை நம்பி நான் பட்டது இது. அண்ணன் மகள் பெயர் யாழினி. போனில் சொன்னேன். அந்தப் பக்கம் எடுத்தவர் மலையாளி, நம் ழகரம் அவருக்கும் சொந்தமல்லவா, அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். மகிழ்ந்துபோய் வைத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் கேக்கில் பெயர் மலையாள எழுத்தில் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல வாயில்லை, எந்த எழுத்து என்று நான் சொல்லவே இல்லை.

அடுத்த வருடம் முழுத்தாளில் பெரிதாகத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கேக்கில் எழுதுகிற பையன் டார்ஜிலிங் பக்கத்துக்காரன். அவனுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. என் தாளை மேஜையில் விரித்து, அதன் மேல் வெண்ணெய்த் தாளைப் போட்டு, சாக்லேட் கூம்பால் கோலத்துக்கு இழை போடுவதுபோல் மூன்று தடவை எழுதிப் பார்த்தான். 'யா'வும் 'னி'யும் உடனே வந்துவிட்டன. 'ழ'வின் கீழ் வால் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போயிற்று. நாலாம் தடவை கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் சுழித்து முடித்து, சரியா என்பதுபோல என்னைப் பார்த்தான். என் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

எந்த நேரத்துக்குப் போவது

ரொட்டிக்குக் காலை. எட்டு மணியிலிருந்து பதினொன்றுக்குள் போய்விட்டால் அன்றைய சூடு இருக்கும். கேக்குக்கு எந்த நேரமும் ஒன்றுதான்.

இரவில் ஒரு வசதி உண்டு. மீந்ததை மறுநாள் விற்க விரும்பாத பல ஓட்டல்கள் இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் பாதி விலைக்குத் தள்ளிவிடுகின்றன. எந்த மணிக்கு, எந்தப் பண்டங்களுக்கு என்று போனிலேயே கேட்டுவிடலாம், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. காரில் வந்து பாதி விலை மணிக்காகக் காத்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லைக்கு இப்புறம் திரும்ப வேண்டியவர்கள் கடைசி ரயிலையும் பஸ்ஸையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி விலை குரோசானுக்கு முழு விலை டாக்சி பிடித்தவர் என் நண்பர் ஒருவர்.

ஓணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் இதே கவுண்டர்களில் பாயசம் பார்சல் கிடைக்கும். அடைப் பிரதமனுக்காக வரிசையில் நிற்பார்கள். அந்த நாட்களில் ரொட்டியை மறந்துவிட்டுப் பாயசம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

போகிற வழியும் வாசலும்

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்தின் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் இருக்கிற தம்பானூருக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம். பாலராமபுரம் சந்திப்பில் மாட்டினால் மேலும் கால் மணி. மார்த்தாண்டத்தார் குழித்துறையில் ரயில் ஏறலாம், களியக்காவிளைக்காரர்களுக்குப் பாறசாலை நிலையம் பக்கம். என் யோசனை: போகும்போது பஸ், திரும்பும்போது ரயில். காரணம் பின்னால் வருகிறது.

தம்பானூரிலிருந்து ஆட்டோ. வாசலில் காவலர் பையைத் திறக்கச் சொல்வார், வண்டிக்கு அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பார். எல்லாருக்கும் நடப்பதுதான். "பேஸ்ட்ரி ஷாப்" என்ற ஒரு சொல் போதும், அறை எண்ணெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தக் கடை வெளியாட்களுக்காகவே முகப்பு மண்டபத்தை ஒட்டி இருப்பது. முதல் தடவை நான் வாசலுக்கு எதிரே பத்து நிமிடம் போன் பேசுவதுபோல் நின்றேன். அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நேரே போய், "ரொட்டி எங்கே விற்கிறார்கள்?" என்று கேட்டார். கதவைத் திறந்துவிட்டு வழியும் காட்டினார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால்

அவசரப்படாமல் ஒரு முறை முழுக்கப் பார்த்துவிட்டுக் கேள்வியைத் தொடங்குங்கள். ஆங்கிலம் வராவிட்டால் வாய் மூடி நிற்க வேண்டாம், தமிழே செல்லும். நம் பக்கத்தாருக்கு மலையாளம் தண்ணீர்பட்டபாடு. "இது இன்னு உண்டாக்கியதாணோ?" (இன்று செய்ததா?) என்று கேட்டால் கவுண்டரில் நிற்கும் சேச்சி உண்மையைச் சொல்லிவிடுவார்.

முக்கியமான கேள்வி முட்டை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி முட்டை சேர்ந்தாலே அசைவக் குறிதான். சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். ஆனால் பெட்டிக்குள் தட்டில் இருக்கிற பண்டத்துக்குப் பக்கத்தில் சின்ன அட்டையில் "முட்டை இல்லாதது" என்று மட்டும் எழுதியிருக்கும். அதை நம்பி நின்றுவிடக் கூடாது. நுரைபோல் மெத்தென்ற கிரீம் பண்டமான மூஸ், சீஸ்கேக், பளபளவென்று கண்ணாடிப் பூச்சு போட்ட கேக் ஆகியவற்றில் உறைவதற்கு ஜெலட்டின் சேர்ப்பது வழக்கம். அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. முட்டை இராது, ஆனாலும் சைவம் ஆகாது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் அகர் சேர்த்ததா என்று கேளுங்கள். சுத்த சைவமான என் அத்தைக்கு ஒரு தடவை முட்டையில்லாத மூஸ் வாங்கிக் கொடுத்தேன். ரசித்துச் சாப்பிட்டார். ஜெலட்டின் விவரம் எனக்கு அடுத்த மாதம்தான் தெரிந்தது. அத்தைக்கு இன்னும் தெரியாது.

மூன்றாவது, மது. காபியில் நனைத்த பிஸ்கட்டையும் கிரீமையும் அடுக்கிய டிராமிசுவில் பெரும்பாலும் ரம்மோ காபி மதுவோ சேரும். பிளம் கேக்குக்குப் பழங்களை மாதக்கணக்கில் ரம்மில் ஊறப்போடும் ஓட்டல்கள் உண்டு. குழந்தைகளுக்கு வாங்குகிறவர்களும், மார்க்கத்தின்படி விலக்குகிறவர்களும் கேட்காமல் வாங்கக் கூடாது. கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள், சமையலறையில் விசாரித்தே சொல்வார்கள்.

ரொட்டியைத் துண்டு போட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். முழு ரொட்டி வழியில் காயாது, வெட்டியது காயும்.

பில்

நான் பார்த்தவரை ஒரு குரோசான் 150 முதல் 300 ரூபாய் வரை இருக்கும். அட்டையில் இருக்கும் விலைக்கு மேல் வரி தனி. 2025 செப்டம்பர் 22 முதல் கடைகளில் விற்கும் கேக், பேஸ்ட்ரிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்ததே என்று வாதாடத் தோன்றும். ஆனால் அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களில் உணவகச் சேவைக்கு 18 சதவீதம், பார்சலும் அதில் அடக்கம். அந்தக் கணக்கில் பில் போட்டால் 900 ரூபாய்ப் பண்டத்துக்கு மத்திய வரி 81, மாநில வரி 81 சேர்ந்து 1,062 ரூபாய். அதையும் சேர்த்தே மனசில் கணக்குப் போட்டுவிட்டுக் கை காட்டுங்கள்.

சேவைக் கட்டணம் வேறு. அது வரி அல்ல. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஓர் ஓட்டலில், நின்றபடியே வாங்கிய பார்சலுக்கு எனக்கு அதைப் போட்டிருந்தார்கள். விரலை வைத்துக் காட்டினேன். மறுபேச்சு இல்லாமல் வேறு பில் வந்தது. வராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

கட்டிக்கொண்டு திரும்புவது

பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். நானும்தான். ஒரு மே மாதம் மாம்பழ மூஸ் கேக்கை வெறும் அட்டைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன். பாலராமபுரத்தில் வண்டி நின்றது. பெட்டியின் ஒரு மூலை நனைந்தாற்போல் இருண்டது. நெய்யாற்றின்கரையில் என் மடி குளிர்ந்தது. வீட்டில் திறந்தபோது கேக் இருந்த இடத்தில் மஞ்சள் குளமும் நடுவில் ஒரு பிஸ்கட் தீவும். குழந்தைகள் கரண்டியால் குடித்தார்கள்.

கிரீமும் மூஸும் வெளிச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் பயணமோ ஒன்றரை மணி. ஆகவே வெள்ளித்தாள் உள்ளுறை போட்ட குளிர்ப் பை ஒன்று வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஐஸ் ஜெல் பொட்டலம் கடையில் தருவார்களா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் முதல் நாள் இரவே ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனால் போதும். பெட்டியைக் கயிற்றில் பிடித்துத் தொங்கவிடாமல் அடியில் உள்ளங்கை கொடுத்துப் பிடியுங்கள். ரயில் பஸ்ஸைப் போல் திடீரென்று பிரேக் போடாது, பள்ளத்தில் இறங்காது. திரும்புவதற்கு ரயில் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். இருக்கையில் வைக்காதீர்கள், மடிதான் பாதுகாப்பு. யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

ரொட்டிக்கு நேர்மாறான வைத்தியம். அதைக் குளிர்ப் பையில் வைக்கவே கூடாது. காகிதப் பையில், வாய் திறந்தபடி. சூடான ரொட்டியைப் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளேயே வியர்த்து, மொறுமொறுப்பான தோல் வீடு போய்ச் சேரும் முன் ஈரச் சாக்காகிவிடும்.

வீட்டுக்கு வந்தபின்

கிரீம் பண்டங்கள் நேரே ஃப்ரிட்ஜுக்கு, அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுங்கள். மக்ரோனைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, தின்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுங்கள்.

ரொட்டியை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ரொட்டியிலுள்ள மாவுச்சத்து மிக வேகமாக இறுகும், வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகும். இரண்டு நாள் வரை என்றால், வெட்டிய முகம் பலகையில் படும்படி கவிழ்த்து வைத்தால் போதும். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த துண்டை அப்படியே டோஸ்டரில் போடலாம்.

மறுநாள் குரோசானை மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் செருப்பு. ஓவன் இருந்தால் 160 டிகிரியில் ஐந்து நிமிடம். இல்லாவிட்டால் நம் கனத்த தோசைக்கல்லே போதும். எண்ணெய் விடாமல், மிகச் சிறு தீயில், மூடி போட்டு மூன்று நிமிடம், திருப்பிப் போட்டு மூடியில்லாமல் ஒரு நிமிடம். அடுக்கு மறுபடி மொறுமொறுக்கும், வெண்ணெய் மணம் தெரு வரை போகும்.

சோர்டோவுக்கு ஜாம் வேண்டாம். நன்றாகச் சிவக்க வாட்டி, வெண்ணெய் தடவி, மேலே மார்த்தாண்டம் தேனைச் சொட்டவிட்டால் அந்தப் புளிப்புக்கு அது பிரமாதமாகச் சேரும். மூன்றாம் நாள் தோல் கல்லாகிவிட்டால் எறிந்துவிடாதீர்கள். முந்தைய நாள் வைத்த நெத்திலிக் குழம்பைச் சூடாக்கி, அதில் துண்டைப் போட்டு இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள். உள்ளே இருக்கும் ஓட்டையெல்லாம் குழம்பைக் குடித்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர், பத்து மடங்கு விலைக்கு ரொட்டி எதற்கு என்று கேட்ட அதே மாமா. சைவமான அத்தைக்குப் புளிசேரியில், அதாவது கேரளத்து மோர்க்குழம்பில், ஊறப்போட்டுக் கொடுக்கிறோம்.